ஓசியில் வந்த லினக்ஸ்

ஹம்சாவுக்கு யூனிக்ஸ் மேல் ஆசை வந்தது, அது கையை விட்டுப் போன பிறகு.

1992-இல் தி. நகரில், உஸ்மான் சாலையை ஒட்டிய ஒரு தெருவில், கம்ப்யூட்டர் பயிற்சி நிலையம் ஒன்றில் சேர்ந்தாள். அதற்கு முன்பு கணிதத்தில் பட்டம், கல்யாணம், பள்ளிக்கூடம் போகிற அளவுக்கு வளர்ந்துவிட்ட ஒரு பெண் குழந்தை. நிலையத்தில் இருந்தது ஒரே ஒரு பெரிய இயந்திரம். அதிலிருந்து ஒயர் இழுத்துப் பல திரைகள் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு திரைக்கு முன்னாலும், தண்ணீர் லாரியின் முன் குடத்தோடு நிற்பதுபோல, ஆட்கள் முறை வைத்துக் காத்திருந்தார்கள். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ஒரே இயந்திரத்தில் வேலை செய்கிறார்கள், ஒருவர் வேலை இன்னொருவர் வேலைமேல் இடிப்பதில்லை என்பது அவளுக்கு அதிசயமாக இருந்தது. அப்படிப் பங்கிட்டு நடத்துகிற மென்பொருளின் பெயர் யூனிக்ஸ். உள்ளே என்னதான் நடக்கிறது என்று ஆசிரியரிடம் கேட்டாள். "அது கம்பெனிக்காரன் ரகசியம். நீங்க கட்டளையை மட்டும் மனப்பாடம் பண்ணுங்க" என்றார்.

மனப்பாடம் பண்ணினாள். சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு யூனிக்ஸைத் தொட்டுப் பார்க்கக்கூட வழியில்லை. வங்கிகளிலும் பெரிய ஆலைகளிலும்தான் அது ஓடிக்கொண்டிருந்தது. தனி ஆள் ஒருவர் அதை விலைக்கு வாங்கி வீட்டில் வைப்பது, மொட்டை மாடியில் ரயில் எஞ்சினைக் கொண்டுவந்து நிறுத்துவது மாதிரி.

"வேற ஏதாவது ஆசைப்படேன், ஹம்சா" என்றார் கணவர் ஸ்ரீனிவாசராகவன். இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். "பட்டுப்புடவை, வளையல் அந்த மாதிரி. அதெல்லாம்னா எப்படித் தட்டிக் கழிக்கறதுன்னு எனக்கும் தெரியும்."

வேலை கிடைத்தது ஈக்காட்டுத்தாங்கலில். பம்பு செட்டுக்கு வால்வு செய்கிற ஒரு பட்டறை. முதலாளி வெள்ளைத்துரை லேத்து ஓட்டுபவராக ஆரம்பித்துச் சொந்தமாகத் தொழில் வைத்தவர். மயிலாப்பூர் சித்திரக்குளத்துப் பக்கமிருந்து ஹம்சா தினமும் பஸ் பிடித்துப் போனாள். அங்கே கண்ணாடித் தடுப்புக்குள் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் அதில் வேலை செய்ய முடியும். ஸ்டோர், லேத்துப் பகுதி, டெலிவரி மூன்று இடத்திலிருந்தும் சீட்டு எழுதி அனுப்புவார்கள். அவள் உட்கார்ந்து ஏற்றுவாள். சீட்டு எண்ணெயில் ஊறி வரும். சில நாள் வராமலே போய்விடும். ஸ்டோரில் இல்லாத சரக்கு கம்ப்யூட்டரில் இருக்கும், கம்ப்யூட்டரில் இல்லாதது ஸ்டோரில் இருக்கும். அந்த மூன்று இடத்திலும் ஒரு திரை இருந்தால் போதும், இந்தக் கூத்து முடிந்துவிடும் என்று ஹம்சாவுக்குத் தெரியும். அதற்குத் தேவை யூனிக்ஸ். யூனிக்ஸ் வாங்கலாமா என்று கேட்டு வெள்ளைத்துரையிடம் விலைச் சீட்டை நீட்டினாள். அவர் அதை மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேஜைக்காலுக்கு அடியில் வைத்தார்.

1994 கோடையில் அவளுடைய அத்தை பிள்ளை அச்யுத் அமெரிக்காவிலிருந்து கல்யாணத்துக்காக வந்தான். புறப்படுவதற்கு முன் யார் யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு எழுதியிருந்தான். சித்திமார்கள் வாசனைத் திரவியம் கேட்டார்கள், மாமா சவர இயந்திரம் கேட்டார். ஹம்சா, "அங்கே பல்கலைக்கழகத்தில் எல்லோரும் லினக்ஸ் என்று யூனிக்ஸ் மாதிரி ஏதோ ஒன்றைப் பற்றிப் பேசுகிறார்களாமே, அது" என்று எழுதினாள். பெட்டி திறந்த அன்று சாக்லேட்டுகளுக்கு அடியிலிருந்து ரப்பர் பேண்டு போட்ட ஃபிளாப்பிக் கட்டுகள் வந்தன.

"எவ்வளவு ஆச்சுடா?"

"ஒண்ணும் ஆகலை. சும்மா எடுத்துக்கலாம்."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதான். நீயும் யாருக்கு வேணா குடுக்கலாம். உள்ள எழுதியிருக்கறதைப் படிக்கலாம், மாத்தலாம். மாத்தினதைக் குடுக்கறச்ச மட்டும் அதையும் திறந்து குடுத்துடணும். மூடி வெச்சுக்கப்படாது. அவ்வளவுதான் நிபந்தனை."

பின்லாந்தில் ஒரு கல்லூரி மாணவர் மூன்று வருடங்களுக்கு முன்பு, தன் வீட்டுக் கம்ப்யூட்டருக்காக லினக்ஸின் மையப் பகுதியை எழுத ஆரம்பித்தார் என்றான் அச்யுத். எழுதியதை எல்லோரும் பார்க்கும்படி வலையில் போட்டிருக்கிறார். முகம் தெரியாதவர்கள் ஆளுக்கொரு துண்டு சேர்த்தார்கள். அதைச் சுற்றி வேண்டிய மற்ற கருவிகளை அமெரிக்காவில் வேறு சிலர் பல வருடங்களாகவே இதே நிபந்தனையில் எழுதி வைத்திருந்தார்கள். எல்லாம் ஒன்றுசேர்ந்து, அந்த வசந்தத்தில்தான் ஒன்று என்று எண் போட்ட பதிப்பு வந்திருந்தது. இரண்டு வருடங்களுக்கு முன்பு ஆசிரியர் ரகசியம் என்று சொன்னது இப்போது ரப்பர் பேண்டு போட்டுக் கையில் இருந்தது.

கட்டின் நடுவில் ஒரு ஃபிளாப்பி செத்துப்போயிருந்தது. அது இல்லாமல் பாதிக் கிணறுதான். அச்யுத் கல்யாணம் முடிந்து திரும்பிப் போய்விட்டான். அந்த ஒரு ஃபிளாப்பிக்காக, கச்சேரி சாலை பாஷ்யம் மாமாவின் பெண் சீமந்தத்துக்கு நியூஜெர்சியிலிருந்து வரும்வரை ஹம்சா காத்திருந்தாள். சீமந்தத்தன்று வளையல் அடுக்கிக்கொண்டிருந்த பெண்ணிடம் போய், "உன் பெட்டிச் சாவி எங்கேம்மா?" என்று கேட்டதை அந்தக் குடும்பத்தில் வெகுநாள் சொல்லிச் சிரித்தார்கள்.

பட்டறையில் ஓரங்கட்டி வைத்திருந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸை ஏற்றி, ஸ்டோரில் ஒரு திரை வைத்துக் காட்டினாள். வெள்ளைத்துரை இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தார்.

"எவ்ளோ?"

"இது இலவசம் சார்."

"ஓசியா?" அவர் முகம் மாறியது. "ஓசில குடுக்கறவன் பின்னாடி ஏதாவது வெச்சிருப்பான்மா. கோயில்ல சுண்டல் குடுக்கறான்னா அதுக்குக்கூட உண்டியல் வெச்சிருக்கான்."

"உள்ள என்ன இருக்குன்னு நானே படிச்சுப் பாக்கலாம் சார்."

"நீ படிப்ப. எனக்குப் படிக்கத் தெரியாதே." திரையை விரலால் தட்டிப் பார்த்தார். "சரி, ஓட்டு. ஆனா நின்னுச்சுன்னா நீதான் பொறுப்பு. கம்பெனி பேரு, பின்லாந்து பேரு எல்லாம் எங்கிட்ட சொல்லக்கூடாது."

அதுதான் ஒப்பந்தம். லினக்ஸ் ஓடுகிறவரை கம்ப்யூட்டர் அறை ஹம்சாவுடையது.

அது ஓடியது. ஆனால் பல திரைகளைச் சேர்ப்பதற்கு ரிச்சி தெருவில் வாங்கிய மலிவான அட்டை ஒன்று தொல்லை கொடுத்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் தட்டினால் நடுவில் ஒரு எழுத்தை விழுங்கிவிடும். நூறு வால்வு பத்து வால்வாகும். ஸ்டோர் பொறுப்பாளர் ரகுபதி இரண்டு முறை வெள்ளைத்துரையிடம் திட்டு வாங்கினார். அந்த அட்டையை இயக்குகிற நிரலைக் காகிதத்தில் அச்சடித்து, பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் ஹம்சா படித்தாள். மழைக்காலம் முழுக்கப் படித்தாள். இயந்திரம் "இரு, வருகிறேன்" என்று சொல்லும்முன்பே அட்டை அடுத்த எழுத்தைத் தள்ளிவிடுகிறது என்று புரிந்தபோது பஸ் சைதாப்பேட்டையில் நின்றிருந்தது. சில வரிகளை மாற்றினாள். விழுங்குவது நின்றது.

மாற்றியதை மூடி வைத்துக்கொள்ளக் கூடாது என்று அச்யுத் சொன்னது நினைவுக்கு வந்தது. அடையாற்றில் ஒரு கல்லூரி வகுப்பறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் லினக்ஸ்காரர்கள் கூடுவார்கள். அங்கே மின்னஞ்சல் வசதி உள்ள ஒரு மாணவரைப் பிடித்து, ஜெர்மனியில் அந்த நிரலைப் பார்த்துக்கொள்பவருக்கு எழுதினாள். மாநகராட்சிக்கு மனு எழுதுகிற பழக்கத்தில், 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கி, இணைத்துள்ளதைப் பரிசீலித்து ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொண்டு, கணவர் பெயரையும் வீட்டு முகவரியையும் எழுதி முடித்திருந்தாள். 'ஹாய் ஹம்சா' என்று பதில் வந்தது. நன்றி, பார்க்கிறேன் என்று இரண்டே வரி. பார்த்தாரா இல்லையா என்பது பிறகு தெரியவில்லை. அவளும் மறந்துபோனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில்தான் நஸ்ருன்னிசா பழக்கம். தி. நகரில் கல்யாணப் பத்திரிகையைக் கம்ப்யூட்டரில் அச்சுக்கோத்துக் கொடுக்கும் கடை வைத்திருந்தாள். அறை முழுக்கப் பையன்கள். பெண்கள் இவர்கள் இருவர் மட்டும்தான். அதனால் முதல் நாளே பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். 1996-இல் லினக்ஸின் இரண்டாம் பதிப்பு வந்தது, கூடவே அதன் சின்னமாகப் பென்குவின் படமும் வந்தது. ஒரு கணினி இதழ் லினக்ஸ் சிடியைச் சேர்த்தே விற்க ஆரம்பித்தது. சீமந்தத்துக்குக் காத்திருக்க வேண்டிய காலம் போய், லஸ் முனைப் பத்திரிகைக் கடையில் அது தொங்கியது. ஹம்சா நஸ்ருன்னிசாவின் கடையில் உட்கார்ந்து லினக்ஸ் ஏற்றிக் கொடுத்தாள். நஸ்ருன்னிசா இன்னும் பத்துப் பேருக்குக் கொடுத்தாள். நவராத்திரிக் கொலுவில், தசாவதாரத்துக்குக் கீழ்ப்படியில், அச்யுத் அனுப்பிய பென்குவின் பொம்மை ஒன்று உட்கார்ந்தது. "பெருமாள் எடுக்காத அவதாரம்" என்று வருபவர்களிடமெல்லாம் ஸ்ரீனிவாசராகவன் அறிமுகம் செய்தார்.

1998-இல் செய்தித்தாள்களிலேயே லினக்ஸ் என்ற பெயர் வர ஆரம்பித்தது. பெரிய பெரிய வெளிநாட்டு நிறுவனங்கள் தங்கள் மென்பொருளை அதற்கும் எழுதப் போகிறோம் என்று அறிவித்தன. அதே வருடம்தான் சிதம்பரநாதன் பட்டறைக்குள் வந்தார்.

சிதம்பரநாதன் ஒரு விற்பனைப் பிரதிநிதி. கழுத்துப்பட்டை, தோல்பெட்டி, இனிய பேச்சு. காசு கொடுத்து வாங்குகிற யூனிக்ஸை விற்பவர். வெள்ளைத்துரையிடம் அவர் தொழில்நுட்பம் எதுவும் பேசவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சார், நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் சட்டையைப் பிடிப்பீங்க?"

வெள்ளைத்துரைக்கு அது ஆணியடித்ததுபோல் இறங்கிவிட்டது. அன்று மாலையே ஹம்சாவைக் கூப்பிட்டார்.

"விஜயதசமி அன்னிக்கு அவரு பொட்டி வருது. நல்ல நாளு. பக்கத்துல வெச்சு ஓட்டிப் பாப்போம். சரியா வந்துச்சுன்னா உன்னோடத எடுத்துடலாம். பராமரிப்புக்கு அவங்க ஆளே மாசாமாசம் வருவாரு. உனக்கும் சொமை கொறையும்."

"எனக்கு என்ன வேலை சார் அப்புறம்?"

"பில்லு அடிக்கிறதுக்கு ஆள் வேணும்ல?"

நான்கு வருடமாகப் பார்த்துக்கொண்ட அறை. ஹம்சா சரி சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். அவளிடம் ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. அவளுடைய இயந்திரம் கடந்த தீபாவளிக்கு முன்பு ஏற்றியதிலிருந்து ஒருமுறைகூட நிற்கவில்லை. மின்சாரம் போனாலும் பக்கத்திலிருந்த பாட்டரிப் பெட்டி தாங்கிக்கொண்டது. பக்கத்தில் வைத்துத்தானே பார்க்கப் போகிறார்கள், பார்க்கட்டும்.

ஆயுத பூஜையன்று வழக்கமாக அவள் காலையிலேயே பட்டறைக்குப் போய், ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் நெற்றியில் பொட்டு வைத்துவிட்டு வருவாள். அந்த வருடம் மாமியார் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்திருந்தார். கொலுவை விட்டு நகர முடியவில்லை. வீட்டில் சரஸ்வதி பூஜைக்குப் புத்தகங்களை அடுக்கியபோது, பட்டறைக் கணக்கின் நகல் ஃபிளாப்பிகளையும் எவர்சில்வர் டப்பாவில் போட்டு மேலே வைத்தாள். மறுநாள் புனர்பூஜை முடியும்வரை எதையும் எடுக்கக் கூடாது.

பட்டறையில் பூஜைக்குப் பொறுப்பு ரகுபதி. சூளைமேட்டில் வீடு, கோட்டூர்புரத்தில் மாமியார் வீடு, இரண்டு இடத்திலும் அம்மன் திருவிழாவுக்கு முன்னால் நிற்கிற ஆள். எந்த வேலையிலும் குறை வைக்க மாட்டார். அந்த வருடமும் வைக்கவில்லை.

விஜயதசமி காலையில் ஹம்சா பட்டறைக்குள் நுழைந்தபோது வாசலில் உடைத்த பூசணிக்காய் கிடந்தது. வாழைக்கன்று, கலர்க் காகிதம், பொரி வாசனை. லேத்துகள் எல்லாம் சந்தனமும் குங்குமமுமாகக் கல்யாணப் பெண் மாதிரி நின்றன. கண்ணாடி அறையில் அவளுடைய இயந்திரம் மாலை போட்டுக்கொண்டு, சத்தமே இல்லாமல் இருந்தது.

பக்கவாட்டில் கையை வைத்துப் பார்த்தாள். சில்லென்று இருந்தது.

"யார் நிறுத்தினா?"

"நான்தான் மேடம்" என்றார் ரகுபதி பெருமையாக. "ஒரு வருசமா நிக்காம ஓடிக்கினு கீது. லேத்துக்குக்கூட ஞாயித்துக்கெழம லீவு. இதுக்கு இன்னா பாவம்? சாமி நாள்லயாவது தூங்கட்டும்னு மெயினை ஆஃப் பண்ணேன். பக்கத்துப் பொட்டி கீ கீன்னு கத்திச்சு. அதையும் புடுங்கிட்டேன்."

முன்பு கம்ப்யூட்டரில் டாஸ் ஓடிய காலத்தில் எல்லோரும் அப்படித்தான் பண்ணினார்கள். வேலை முடிந்தால் ஸ்விட்சைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். லினக்ஸ் அப்படி இல்லை. எழுத வேண்டியதைக் கையில் வைத்துக்கொண்டு, ஒழிந்த நேரம் பார்த்து உள்ளே சுழலும் தட்டில் எழுதுகிற இயந்திரம் அது. நிறுத்தும் முன் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் கழுத்தைப் பிடித்தால், எழுதியது பாதி, எழுதாதது பாதியாகக் கிடக்கும். இதை ஹம்சா ரகுபதியிடம் ஒருநாளும் சொன்னதில்லை. நிறுத்துகிற நாள் வரும் என்றே அவள் நினைத்திருக்கவில்லை.

ஸ்விட்சைப் போட்டாள். இயந்திரம் தன்னைத் தானே சோதித்துக்கொண்டு, பாதியில் நின்று, நீயே பார்த்துக்கொள் என்றது. கேட்ட கேள்விக்கெல்லாம் ஆமாம் ஆமாம் என்று தட்டினாள். முடிவில் மிஞ்சியது, பெயர் போய் எண் மட்டும் ஒட்டிய சிதறல்கள். அவளுடைய அட்டை நிரல், திருத்திய வரிகள், எல்லாம் அந்தக் குவியலில் எங்கோ. மறுபடி முதலிலிருந்து ஏற்ற வேண்டும். அலமாரியில் சிடி இருக்கிறதே என்று திரும்பினாள்.

ரகுபதி அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். முகத்தில் இப்போது பெருமை குறைந்திருந்தது.

"இதுக்கும் பொட்டு வெச்சேன் மேடம். பளபளன்னு மொகம் தெரியுற பக்கம்தானே முன்பக்கம்? அங்கதான் வெச்சேன். காலைல பாத்தா காஞ்சு புடிச்சிக்கிச்சு. சரி, குத்துவெளக்கு தேய்க்கிற மாதிரி புளியும் சாம்பலும் போட்டு..."

சிடி கொல்லைக் கதவுத் தகரம் மாதிரிக் கீறல் விழுந்து கிடந்தது.

"சாமி கும்புட்டதுக்கா மேடம் இப்டி ஆவும்?" என்றார் ரகுபதி. உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை. ஹம்சாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இரண்டுக்கும் நேரமில்லை. வெள்ளைத்துரை பின்னால் வந்து நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் சிதம்பரநாதன், இரண்டு அட்டைப் பெட்டிகளோடு.

"நின்னுடுச்சா?" என்றார் வெள்ளைத்துரை.

"நின்னுடுச்சு சார்."

"நாலு வருசம் முன்னாடி நான் என்ன சொன்னேன்?"

"நின்னா நீதான் பொறுப்புன்னு சொன்னீங்க."

மாலை போட்ட இயந்திரத்தையும் ரகுபதியையும் மாறி மாறிப் பார்த்தார். பூஜை பண்ணியது தப்பு என்று அவரால் சொல்ல முடியாது. "மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள ஓடணும். இல்லன்னா சிதம்பரநாதன் பொட்டிதான். நல்ல நாளும் அதுவுமா பட்டறை சும்மா நிக்கக்கூடாது."

சிதம்பரநாதன் தன் பெட்டியைப் பிரிக்கத் தொடங்கினார். ஹம்சா தொலைபேசியை எடுத்தாள். முதலில் வீட்டுக்கு.

"ஏன்னா, கொலு முன்னாடி எவர்சில்வர் டப்பா இருக்கே, அதை எடுத்துண்டு உடனே இங்க வாங்கோ."

"இன்னும் புனர்பூஜை ஆகலையே. சரஸ்வதிகிட்டேர்ந்து எப்படி எடுக்கறது? அம்மா திருக்கண்ணமுது கிளறிண்டிருக்கா."

"அப்ப பூஜையைப் பண்ணுங்கோ. சீக்கிரம் பண்ணுங்கோ. என் வேலை போயிண்டிருக்கு."

"இதோ" என்றார். மறுமுனையில், "அம்மா, கிளறினவரைக்கும் போதும், இறக்கு" என்று அவர் கத்துவது கேட்டது.

அடுத்தது நஸ்ருன்னிசா. கடை திறந்திருந்தது. விஷயத்தைக் கேட்டுவிட்டு அவள் முதலில் சிரித்தாள், பிறகு மன்னிப்புக் கேட்டாள்.

"நீங்க குடுத்த பழைய சிடி எங்கிட்ட இல்லக்கா, யாரோ வாங்கிட்டுப் போய்ட்டாங்க. போன மாசம் புதுசா ஒண்ணு வந்துச்சு, அது இருக்கு. மெஷினை எழுப்பறதுக்கு பூட் ஃபிளாப்பியும் போட்டு எடுத்துட்டு வரேன்."

"புதுசா?" ஹம்சாவுக்குத் தயக்கமாக இருந்தது. புதிய பதிப்பை ஏற்றலாம். ஆனால் அந்த அட்டை? திருத்தம் இல்லாமல் ஏற்றினால் மறுபடி எழுத்தை விழுங்கும். நூறு பத்தாகும். திருத்தத்தை நினைவிலிருந்து எழுத வேண்டும், அதற்குச் சாப்பாட்டு நேரம் போதாது. கணக்குக்கு நகல் எடுத்து வைத்தவள், தான் எழுதிய வரிகளுக்கு எடுத்து வைக்கவில்லை. "சரி, கொண்டு வா" என்றாள்.

நஸ்ருன்னிசா ஸ்கூட்டியில் வந்து சேர்ந்தபோது, அறையின் மறுபக்கத்தில் சிதம்பரநாதனும் வேலையாக இருந்தார். அவருடைய கம்ப்யூட்டர் புத்தம் புதியது. அதற்கும் ரகுபதி பொட்டு வைக்க வந்தார். சிதம்பரநாதன் இரண்டு கையாலும் மறைத்து, "வெளிய மட்டும், வெளிய மட்டும்" என்றார்.

இரண்டு இயந்திரமும் பக்கத்தில் பக்கத்தில் ஏறிக்கொண்டிருந்தன. ஸ்ரீனிவாசராகவன் ஒரு கையில் எவர்சில்வர் டப்பா, மறு கையில் திருக்கண்ணமுதுப் பாயசத் தூக்கோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். "சரஸ்வதியை அவசரப்படுத்தினது இதுதான் முதல் தடவை" என்று நஸ்ருன்னிசாவிடம் சொன்னார். "கோவிச்சுக்க மாட்டாங்க மாமா, அவங்களுக்கும் புதுசு பிடிக்கும்" என்றாள் அவள்.

முதலில் ஏறி முடிந்தது சிதம்பரநாதனுடையதுதான். அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். திரையில் ஒரு கட்டம் வந்து நின்றது. உரிம எண்ணைச் சரிபார்த்து, திறவுகோல் எண்ணைத் தலைமை அலுவலகத்தில் கேட்டு வாங்கித் தரவும் என்றது. தலைமை அலுவலகம் மும்பையில். சிதம்பரநாதன் தொலைபேசியில் எண்ணைச் சுழற்றினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி சுழற்றினார்.

"எடுக்கலையா?" என்றார் வெள்ளைத்துரை.

"தசரா சார் இன்னிக்கு" என்றார் சிதம்பரநாதன் மெதுவாக. "அங்க ஆபீஸ் லீவு."

"காசு குடுத்து வாங்குனதுதானே?"

"ஆமா சார்."

"இங்கதானே கீது?" என்றார் ரகுபதி, நம்ப முடியாமல் பெட்டியைத் தொட்டுப் பார்த்து. "உள்ள இருந்துக்கினே தொறக்க மாட்டேங்குதா?"

ஹம்சாவின் பக்கத்திலிருந்து ஒரு சிறு ஒலி கேட்டது. அவளுடைய இயந்திரம் பெயர் கேட்டு நின்றது. டப்பாவைத் திறந்து ஃபிளாப்பிகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கணக்கை ஏற்றினாள். பிறகு ஸ்டோருக்கும் லேத்துப் பகுதிக்கும் டெலிவரிக்கும் ஆளுக்கொருவரை அனுப்பினாள்.

"நான் சொன்னதும் எல்லாரும் ஒரே நேரத்துல நூறு, நூறுன்னு தட்டுங்க. நிறுத்தாம தட்டுங்க."

விழுங்கும் என்று அவளுக்குத் தெரியும். எவ்வளவு விழுங்குகிறது என்று தெரிந்தால், மதியத்துக்குள் ஏதாவது சமாளிக்கலாம் என்று கணக்குப் போட்டாள். மூன்று பக்கமும் தட்டினார்கள். ஸ்ரீனிவாசராகவன் லேத்துப் பகுதியில் ஒற்றை விரலால், மந்திரம் மாதிரிச் சொல்லிக்கொண்டே தட்டினார். வந்து விழுந்தவற்றை ஹம்சா திரையில் பார்த்தாள். நூறு. நூறு. நூறு. கீழே இறக்கிப் பார்த்தாள். ஒரு பூஜ்யம்கூடக் குறையவில்லை.

"என்னக்கா?" என்றாள் நஸ்ருன்னிசா.

ஹம்சா அந்த அட்டையின் நிரலைத் திறந்தாள். மேலே, யார் யார் எப்போது எதைத் திருத்தினார்கள் என்று எழுதி வைத்திருக்கும் இடம். ஜெர்மன் பெயர்கள், ஒரு ஜப்பானியப் பெயர், அமெரிக்கப் பெயர்கள். நடுவில் ஒரு வரி. திரைகள் ஒரே நேரத்தில் இயங்கும்போது எழுத்து விடுபடுவதைச் சரிசெய்தவர்: ஹம்சா, மெட்ராஸ்.

அந்த ஜெர்மன்காரர் பார்த்திருக்கிறார். அவள் வரிகளுக்குக் கீழே வேறு யாரோ அதை இன்னும் சுருக்கி எழுதியிருந்தார்கள். அவள் எழுதியதைவிட அது நன்றாகவே இருந்தது. பஸ்ஸில் படித்து எழுதியது எங்கெங்கோ சுற்றி, யார் யார் கம்ப்யூட்டரிலோ ஓடி, தி. நகர் வழியாக ஸ்கூட்டியில் திரும்பி வந்திருந்தது.

நஸ்ருன்னிசா எட்டிப் பார்த்து, "அல்லா!" என்றாள். பிறகு சத்தமாக, "சார், இங்க வந்து பாருங்க. அக்கா பேரு போட்டிருக்கான்."

வெள்ளைத்துரை மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். ஆங்கிலத்தில் அந்த ஒரு பெயரை மட்டும் அவரால் படிக்க முடிந்தது. இரண்டு முறை படித்தார்.

"இது அவங்க போட்டதா, நீயே இப்ப அடிச்சதா?"

"சிடிக்குள்ளயே இருந்தது சார். நஸ்ருன்னிசா கொண்டு வந்தது."

அவர் நிமிர்ந்து சிதம்பரநாதனைப் பார்த்தார். "தம்பி, யார் சட்டையைப் பிடிப்பேன்னு கேட்டீங்கல்ல? இப்ப தெரிஞ்சுபோச்சு."

"அக்காவுக்குச் சட்டை ஏது சார்?" என்றாள் நஸ்ருன்னிசா. முதலில் சிரித்தது சிதம்பரநாதன்தான்.

மதியச் சங்கு ஊதியபோது ஸ்டோரிலிருந்து அன்றைய முதல் வரவு ஏறியது. வெள்ளைத்துரை சிதம்பரநாதனின் பெட்டிகளை மறுபடி ஒட்டிக் கட்டுவதற்கு ஆள் அனுப்பினார். இலையில் போட்ட பொரியையும் சுண்டலையும் சாப்பிட்டுவிட்டு, திருக்கண்ணமுதையும் ஒரு கை பார்த்துவிட்டு, கிளம்பும்போது சிதம்பரநாதன் ஹம்சாவிடம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், எனக்கு அதுல ஒண்ணு போட்டுத் தருவீங்களா? வீட்டுல பாக்கறதுக்குத்தான்."

"நீங்க விக்கறதும் யூனிக்ஸ்தானே?"

"விக்கறதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போக விடமாட்டாங்க மேடம்."

ஹம்சா நஸ்ருன்னிசாவைக் கைகாட்டினாள். அடுத்த வாரம் தி. நகர் கடைக்குப் போய் அவர் வாங்கிக்கொண்டார்.

கீறிய சிடியைக் குப்பையில் போட ரகுபதிக்கு மனம் வரவில்லை. பூஜை பண்ணிய பொருள். சைக்கிளின் பின்பக்க மட்கார்டில் கட்டிக்கொண்டார். வெயிலில் தூரத்திலிருந்தே மின்னியது.

1999 தொடக்கத்தில் லினக்ஸின் அடுத்த பெரிய பதிப்பு வந்தது. ஹம்சா அதை ஏற்றினாள். அந்த முறை எல்லாவற்றுக்கும் நகல் எடுத்தாள். வெள்ளைத்துரையின் மச்சான் கிண்டியில் வைத்திருந்த பட்டறைக்கும் ஒன்று போய்ச் சேர்ந்தது. கொடுக்கும்முன் வெள்ளைத்துரை அவளிடம் கேட்டார், "இத நான் குடுக்கலாமா? யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களே?" குடுக்கலாம் சார் என்றாள். "வேற எதுவும் வாங்கிக்க வேண்டாமா?" என்று மறுபடி கேட்டார். வேண்டாம் என்பது அவருக்குக் கடைசிவரை முழுதாகப் பிடிபடவில்லை. ஓசி என்று சொல்வதை மட்டும் விட்டுவிட்டார்.

அந்த வருட ஆயுத பூஜைக்கு முதல் நாள் மாலை, ஹம்சா ரகுபதியைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னாள். அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, அவர் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். திரையில் வரிகள் ஓடின. ஸ்டோர் போனது, லேத்துப் பகுதி போனது, டெலிவரி போனது. கையில் வைத்திருந்ததையெல்லாம் இயந்திரம் தட்டில் எழுதி முடித்தது. கடைசியாக ஒரு வரி வந்து நின்றது.

"தூங்கிடுச்சா மேடம்?"

"தூங்கிடுச்சு. இப்ப நிறுத்தலாம்."

ரகுபதி எழுந்துபோய் மெயினை அணைத்தார். பிறகு சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்து, எங்கே வைப்பது என்று அவளைப் பார்த்தார். அவள் இயந்திரத்தின் மேல்தகட்டைக் காட்டினாள்.